காலி ஸ்டேடியம்... கரையில் நின்ற வருஷம்!

ஸ்டேடியம் முழுக்க ஃப்ளட்லைட் வெளிச்சம். கோப்பை பளபளன்னு ரெடி. 22 பேர் உயிரைக் கொடுத்து ஓடிக்கிட்டு இருக்காங்க. ஆனா, கோல் விழுந்தா கத்துறதுக்கு கேலரியில ஒருத்தர்கூட இல்லை!

ஏதோ ப்ராக்டிஸ் மேட்ச்னு நினைச்சுடாதீங்க. 2020 மார்ச் 14, சனிக்கிழமை ராத்திரி, கோவாவில் மட்காவ் ஃபடோர்டா ஸ்டேடியத்தில் நடந்த ஐ.எஸ்.எல். ஃபைனல்தான் அது. இந்தியாவின் டாப் ஃபுட்பால் லீகோட கடைசி மேட்ச்! கொரோனா பயத்தால் ரசிகர்களுக்கு 'நோ என்ட்ரி' போர்டு மாட்டிட்டாங்க. ஏ.டி.கே. அணி 3-1 என்று சென்னையின் எஃப்.சி.யை ஜெயிச்சது. ஜெயிச்சவங்க தூக்கிப்பிடிச்ச கோப்பைக்குக் கைதட்டினது அவங்க டீம்காரங்க மட்டும்தான்.

சரி, இதுக்கும் நம்ம கடியப்பட்டணத்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு பாஸ். கோப்பை வென்ற அந்த ஏ.டி.கே. அணியில் இருந்த மைக்கேல் சூசைராஜ், நம்ம குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறைக்காரர். வள்ளியாறு கடலில் சேர்கிற கடியப்பட்டணத்திலிருந்து மேற்கே மண்டைக்காடு, குளச்சல், தேங்காப்பட்டணம் தாண்டிப் போனா அவர் ஊர். ஒரே கடல், ஒரே மணல், ஒரே பந்து! தோத்த சென்னையின் அணியிலும் ஒரு தமிழ்நாட்டு ஆள், எட்வின் வான்ஸ்பால். ஆக, நம்ம பசங்க ரெண்டு பக்கமும் இருந்த ஒரு தேசிய ஃபைனலை நேர்ல பார்க்க நமக்குக் கொடுத்து வைக்கலை.

அதோட முடிஞ்சிருந்தா பரவாயில்லை. நிஜமான அடி அதுக்கப்புறம்தான் விழுந்தது.

அஞ்சு நாள்... அம்புட்டுதான்!

அந்த மார்ச்சை ஒருதரம் ரீவைண்ட் பண்ணிப் பார்ப்போம். அப்போ நம்ம நாட்டில் ரெண்டு பெரிய லீக். 2019-20 சீசன்லேருந்து முதல் டிவிஷன் அந்தஸ்து ஐ.எஸ்.எல்.லுக்குப் போயிடுச்சு. அதுவரைக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது ஐ-லீக். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால்னு நூறு வருஷத்துப் பெருசுங்க எல்லாம் அப்போ ஐ-லீக்கில்தான் ஆடிக்கிட்டு இருந்தாங்க.

மார்ச் 10: மேற்கு வங்கத்துக் கல்யாணியில் மோகன் பகான் 1-0 என ஐஸ்வாலைத் தோற்கடிக்குது. இன்னும் நாலு மேட்ச் கையில் இருக்கும்போதே சாம்பியன்! 16 மேட்ச்சில் 39 பாயின்ட். இனி யாராலும் எட்டிப் பிடிக்க முடியாத தூரம்.

மார்ச் 11: உலக சுகாதார நிறுவனம் 'இது பெருந்தொற்று' என்று அறிவிக்குது.

மார்ச் 14: அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு, 'நாளையிலிருந்து எல்லா ஃபுட்பாலும் நிறுத்தம்' என்று சொல்லிடுது.

மார்ச் 15: கொல்கத்தா டெர்பி, அதாவது மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோத வேண்டிய நாள். நடக்கலை. அப்புறமும் நடக்கவே இல்லை. ஏன்னா, அதே வருஷம் மோகன் பகான் ஏ.டி.கே.யோடு இணைஞ்சு ஐ.எஸ்.எல்.லுக்குப் போயிடுச்சு. ஈஸ்ட் பெங்காலும் பின்னாலயே போயிடுச்சு. ஐ-லீக்கின் கடைசி டெர்பி, ஆடாமலே முடிஞ்சுபோன டெர்பி!

முதல்ல மார்ச் 31 வரைக்கும்தான்னு சொன்னாங்க. அதுக்குள்ள மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு. ரயில் இல்லை, பஸ் இல்லை. கொல்கத்தாவில் மாட்டிக்கிட்ட ஸ்பெயின் நாட்டு வீரர்களும் கோச்சுகளும் மே மாசத் தொடக்கத்தில் பஸ் ஏறி டெல்லி வரைக்கும் போய், அங்கேருந்து ஃப்ளைட் பிடிச்சு ஊர் போய்ச் சேர்ந்தாங்க. ஈஸ்ட் பெங்காலை அப்போ நடத்திவந்த கம்பெனி, 'எங்க சக்திக்கு மீறின சூழ்நிலை' என்கிற ஷரத்தைக் காட்டி, ஏப்ரல் மாசத்தோட ப்ளேயர்களின் ஒப்பந்தத்தை முடிச்சுக்கிச்சு. பந்து நின்னா சம்பளமும் நிக்கும்னு அப்போதான் பல பேருக்கு உறைச்சது.

ஃபுட்பாலிலும் 'ஆல் பாஸ்'!

இதைப் படிக்கிற உங்கள்ல நிறைய பேர் அந்த வருஷம் ஸ்கூல்ல இருந்திருப்பீங்க. 2020 பத்தாம் வகுப்பு பேட்ச் யாராவது இருந்தா கை தூக்குங்க! ஜூன் மாசம் பரீட்சையையே ரத்து பண்ணி, காலாண்டு, அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், அட்டெண்டன்ஸுக்கு 20 சதவீதம்னு கணக்குப் போட்டு எல்லாரையும் பாஸ் போட்டாங்க இல்லையா? ஃபுட்பாலிலும் அதேதான் நடந்தது.

ஐ-லீக்கில் மொத்தம் 11 அணி, 110 மேட்ச். அதில் 28 பாக்கி. ஏப்ரல் மாசம் கமிட்டி கூடி எடுத்த முடிவு: சீசன் இத்தோட முடிஞ்சது. மோகன் பகான் சாம்பியன். யாரும் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டாம். மிச்சப் பரிசுப் பணத்தை மத்த 10 அணிகளும் சமமா பிரிச்சுக்கலாம். ஆக மொத்தம், ஃபர்ஸ்ட் ரேங்க் ஒருத்தருக்கு, மத்த எல்லாருக்கும் ஆல் பாஸ்! சாம்பியனுக்குக் கோப்பை கைக்கு வந்ததே அக்டோபர் 18-ல்தான், ஜெயிச்சு ஏழு மாசம் கழிச்சு.

இது நியாயமா? மோகன் பகான் விஷயத்தில் சந்தேகமே இல்லை. ஆனா ரெண்டாம் இடத்துக்குக் கீழே பல அணிகளுக்கு நடுவில் ஒண்ணு ரெண்டு பாயின்ட்தான் வித்தியாசம். அந்த 28 மேட்ச் நடந்திருந்தா டேபிளே தலைகீழா மாறியிருக்கலாம்.

உலகத்தில் மத்தவங்க என்ன செஞ்சாங்க? ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தீர்ப்பு. நெதர்லாந்தில் அயாக்ஸும் ஏ.இசட். அணியும் தலா 56 பாயின்ட்டோட முதலிடத்தில் நின்னாங்க. 'சாம்பியனே கிடையாது'ன்னு சொல்லி ஏப்ரல் 24-ல் கடையைக் கட்டிட்டாங்க. பிரான்ஸில் லீகை நிறுத்தி பி.எஸ்.ஜி.க்கு பட்டம் கொடுத்தாங்க. கடைசி ரெண்டு இடத்தில் இருந்த அமியென், துலூஸ் அணிகள் கோர்ட் வரைக்கும் போயும் இறங்கித்தான் ஆகணும்னு ஆச்சு. ஜெர்மனி மே 16-ல் காலி ஸ்டேடியத்தில் திரும்பத் தொடங்கிச்சு. இங்கிலாந்து ஜூன் 17-ல். அதனால்தான் 30 வருஷமா லீக் பட்டத்துக்குக் காத்திருந்த லிவர்பூல் ரசிகர்கள், பட்டம் வந்தப்ப வீட்டு டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தாங்க. பெலாரஸ் நிறுத்தவே இல்லை. ஃபுட்பால் பார்க்க வழியில்லாம உலகமே கொஞ்ச நாள் பெலாரஸ் லீக் பார்த்துச்சுன்னா பாருங்களேன்!

ஆனா இந்தத் தீர்ப்பு எல்லாமே கோப்பை யாருக்கு, யார் கீழே இறங்கணும் என்கிற கேள்விக்குத்தான். கேட்க மறந்த கேள்வி ஒண்ணு இருக்கு. அது நம்ம கடற்கரைக் கேள்வி.

கரையிலிருந்து கோப்பை வரை!

முட்டம், கடியப்பட்டணம் தொடங்கி நீரோடி வரைக்கும் நம்ம கடலோரத்தில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், ஊர்த் திருவிழா எது வந்தாலும் ஃபுட்பால் டோர்னமெண்ட் ஒண்ணு கூடவே வரும். ஊருக்கு ஊர் கிளப், ஜெர்சி, கோல் போஸ்ட். இதுதான் ஏணியின் முதல் படி. அடுத்தது ஸ்கூல் டீம், காலேஜ் டீம், மாவட்ட லீக். அப்புறம் சென்னைக்கு ரயில் ஏறி அங்க லீக்கில் ஆடணும். அங்க கண்ணில் பட்டா சந்தோஷ் டிராஃபி தமிழ்நாடு அணி. அதுக்கும் மேல அப்போ ஐ-லீக். உச்சியில் ஐ.எஸ்.எல்.

சூசைராஜ் ஏறினது இந்த ஏணியில்தான். சென்னை சிட்டி அணிக்காக 2017-18 ஐ-லீக்கில் ஆடி, அந்த சீசனின் சிறந்த மிட்ஃபீல்டர் விருதை வாங்கினார். உடனே ஜாம்ஷெட்பூர் கூப்பிட்டது, அடுத்து ஏ.டி.கே. கவனிங்க, ஐ-லீக்கில் நம்ம மாநிலத்துக்குன்னு அப்போ இருந்த ஒரே அணி சென்னை சிட்டி. அது இல்லைன்னா அந்தப் படியும் இல்லை.

அந்த சென்னை சிட்டி லேசுப்பட்ட அணி இல்லை மக்கா! 2019 மார்ச் 9-ல் கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று சாய்ச்சு, 43 பாயின்ட்டோட தேசிய சாம்பியன். 42 பாயின்ட் வைச்சிருந்த ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு பாயின்ட்டில் கோட்டை விட்டது. சிங்கப்பூர் கோச் அக்பர் நவாஸ், 21 கோல் அடிச்ச ஸ்பெயின்காரர் பெத்ரோ மான்சி, கூடவே நம்ம ஊர்ப் பசங்க. கோயம்புத்தூரே குலுங்கின நாள் அது.

சரியா ஒரு வருஷம் கழிச்சு, 2020 மார்ச் 11-ல் ஆசிய அளவிலான ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாஸியாவோடு 2-2 டிரா. அத்தோட சரி. அந்தப் போட்டித் தொடரையே செப்டம்பரில் ரத்து பண்ணிட்டாங்க. சாம்பியனா சம்பாதிச்ச ஆசிய வாய்ப்பு, குரூப்பில் ஒரே மேட்ச்சோடு காலி.

படி படியாக உடைந்தது...

2020-ல் அந்த ஏணியைக் கீழேருந்து பார்ப்போம். ஏப்ரல் 12 ஈஸ்டர், ஊரடங்கு. டோர்னமெண்ட் இல்லை. ஸ்கூல், காலேஜ் கேட்டில் பூட்டு. அப்போ 2019-20 சந்தோஷ் டிராஃபியின் இறுதிச் சுற்று மிசோரமில் நடக்க வேண்டியது. தள்ளிப் போய், கடைசியில் நடக்கவே இல்லை. 2020-21 சந்தோஷ் டிராஃபியும் இல்லை. அடுத்த இறுதிச் சுற்று நடந்தது 2022 ஏப்ரலில், மலப்புறத்தில்.

'ஒரு டோர்னமெண்ட் போனா என்ன?'ன்னு கேட்கலாம். கடற்கரைப் பையனுக்கு அது வெறும் டோர்னமெண்ட் இல்லைங்க. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை! மத்திய அரசு வேலைக்கு அந்தக் கோட்டாவில் போகணும்னா மாநில அணிக்கோ, இன்டர்-யுனிவர்சிட்டி போட்டியில் பல்கலைக்கழக அணிக்கோ, தேசிய ஸ்கூல் போட்டியில் மாநில ஸ்கூல் அணிக்கோ ஆடின சர்ட்டிஃபிகேட் வேணும். சென்னை லீக்கில் ஆடுற சதர்ன் ரயில்வே, இந்தியன் வங்கி, வருமான வரித்துறை மாதிரி அணிகள் பந்தை மட்டுமா கொடுத்தாங்க? மாசச் சம்பளம் கொடுத்தாங்க. கடல் என்ன கொடுக்கும்னு தெரியாத வீட்டில் ஒரு நிரந்தர வேலை எவ்வளவு பெரிய விஷயம்னு கடியப்பட்டணத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

போட்டியே நடக்காத வருஷத்தில் சர்ட்டிஃபிகேட் எங்கேருந்து வரும்? அதேசமயம் வேலைக்கான வயசு வரம்பு மட்டும் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். மேட்ச்சில் காயத்துக்காக வீணான நிமிஷத்தை ரெஃப்ரி கடைசியில் கூட்டித் தருவார். வயசுக்கு அந்த 'இன்ஜுரி டைம்' கிடையாது!

குமிழிக்குள் ஒரு லீக்!

மேல்தட்டு மட்டும் எப்படியோ சமாளிச்சது. 2020 நவம்பர் 20-ல் ஐ.எஸ்.எல். திரும்பவும் தொடங்கிச்சு, முழுக்க முழுக்க கோவாவிலேயே. ஃபடோர்டா, பாம்போலிம், வாஸ்கோன்னு மூணே மைதானம். இதுக்குப் பேர் பயோ-பபுள். ஹோட்டல், பஸ், கிரவுண்ட், திரும்ப ஹோட்டல். நடுவில் மூக்கில் குச்சி விட்டு டெஸ்ட். வெளியாட்களைப் பார்க்கக்கூடாது. மாசக்கணக்கில் இதேதான்! ஹாஸ்டல் வார்டனை இனிமே திட்டாதீங்க.

மார்ச்சிலிருந்து சரியான மேட்ச்சே ஆடாத உடம்பு. திடீர்னு தொடர்ந்து ஆடினா தாங்குமா? அதனால்தான் உலகம் முழுக்க மூணு சப்ஸ்டிட்யூட்டுக்குப் பதிலா அஞ்சு பேரை இறக்கலாம்னு 2020 மே மாசம் தற்காலிகமா அனுமதிச்சாங்க. 2022-ல் அது நிரந்தர விதியாவே ஆயிடுச்சு. கொரோனாவால் ஃபுட்பாலுக்குக் கிடைச்ச ஒரே நல்லது இதுதான்னு சொல்லலாம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இளசுகளுக்குச் சில நிமிஷம் கூடுதலா கிடைச்சது.

அந்த சீசனின் முதல் மேட்ச்சே ஏ.டி.கே. மோகன் பகானுக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும். நம்ம சூசைராஜ் இறங்கினார். 14-வது நிமிஷம் முழங்காலில் அடி. வெளியே போனவர்தான், சீசனே முடிஞ்சது. அப்போ அவருக்கு 26 வயசு. பிறகு தேறி வந்து ஒடிசா எஃப்.சி.க்கு ஆடினார் என்பது வேற விஷயம். ஆனா ஒரு விங்கரின் 26-ம் வயசு திரும்ப வருமா, சொல்லுங்க?

ஐ-லீக் 2021 ஜனவரி 9-ல் கொல்கத்தா பக்கத்து மைதானங்களில் இதே மாதிரி பபுளுக்குள் நடந்தது. எல்லாரும் ஒருதடவை மோதி, பிறகு மேலே ஆறு அணி, கீழே அஞ்சு அணின்னு பிரிஞ்சு ஆடுற சுருக்கமான சீசன். கடைசி நாள் மார்ச் 27-ல் நம்ம பக்கத்து வீட்டு கோகுலம் கேரளா, ட்ராவ் அணியிடம் ஒரு கோல் பின்தங்கி நின்னு, ரெண்டாம் பாதியில் நாலு கோல் போட்டு 4-1 என ஜெயிச்சு சாம்பியன் ஆச்சு. ரெண்டு வருஷத்துக்கு முந்தின சாம்பியன் சென்னை சிட்டியோ கீழ் அஞ்சு அணிகளில் ஒண்ணு.

அடுத்த சீசன் இன்னும் மோசம். 2021 டிசம்பர் 26-ல் தொடங்கி, பபுளுக்குள்ளேயே கொரோனா புகுந்து, மூணே நாளில் நிறுத்தம்! திரும்பத் தொடங்கினது 2022 மார்ச்சில். அந்த சீசனில் சென்னை சிட்டி என்கிற பேரே இல்லை. மூணு வருஷத்துக்கு முன்னாடி கோப்பை தூக்கின அணி, லிஸ்ட்டிலேயே இல்லை! கொரோனா மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா கேட் கலெக்‌ஷன் இல்லாம, சொந்த ஊரில் ஒரு மேட்ச் இல்லாம, ஒரு சின்ன கிளப் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? சூசைராஜ் மிதிச்சு ஏறின அந்தப் படி இப்படித்தான் காணாமப் போச்சு.

மனசு வெச்சா மார்க்கம் உண்டு!

'பெருந்தொற்று வந்தா யார் என்ன பண்ண முடியும்?' நியாயமான கேள்விதான். ஆனா அந்த ரெண்டு வருஷத்திலேயே ரெண்டு விதமான பதில் இருக்கு.

பதில் ஒண்ணு: டோக்கியோ ஒலிம்பிக்ஸ். ஆண்கள் ஃபுட்பாலில் 23 வயசுக்கு உட்பட்டவங்கதான் (மூணு சீனியர்கள் தவிர) ஆடலாம். போட்டி 2021-க்குத் தள்ளிப்போனப்ப, '1997 ஜனவரி 1-லோ அதுக்குப் பிறகோ பிறந்தவங்க அப்படியே ஆடலாம்'னு பழைய தேதியையே வைச்சுக்கிட்டாங்க. 24 வயசு ஆனவங்களும் தப்பிச்சாங்க. ஒரே ஒரு முடிவுதான், எத்தனையோ பேரோட கனவு பிழைச்சது!

பதில் ரெண்டு: இந்தியாவில் 2020 நவம்பரில் நடக்க வேண்டிய 17 வயசுக்கு உட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை. முதல்ல 2021 பிப்ரவரிக்குத் தள்ளினாங்க. பிறகு ரத்து. பதிலுக்கு 2022 போட்டியை நமக்குக் கொடுத்தாங்க. ஆனா அதில் ஆட 2005-லோ அதுக்குப் பிறகோ பிறந்திருக்கணும். 2003, 2004-ல் பிறந்து கேம்ப்பில் மாசக்கணக்கா வியர்வை சிந்தின பொண்ணுங்க? வயசு தாண்டிடுச்சு, அவ்வளவுதான். சொந்த மண்ணில் உலகக் கோப்பை வந்தும், அவங்க டிவியில்தான் பார்த்தாங்க.

ரெண்டுமே அதே வைரஸ் காலம்தான். வித்தியாசம் வைரஸில் இல்லை, முடிவு எடுத்தவங்க யாரை நினைச்சு எடுத்தாங்க என்பதில்!

லீக் நிக்கிறதுக்கு வைரஸ்கூட தேவையில்லைன்னு 2025 காட்டிடுச்சு. கூட்டமைப்புக்கும் ஐ.எஸ்.எல். நடத்துற கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படலைன்னு ஜூலை மாசம் சீசனை நிறுத்தி வைச்சாங்க. வழக்கமா செப்டம்பரில் தொடங்குற லீக் அந்த செப்டம்பரில் தொடங்கலை. அப்பவும் நாம கேட்டது 'லீக் எப்ப தொடங்கும்?'னுதான். 'நடக்காத மாசத்தில் கீழ்ப்படியில் நிக்கிறவன் என்ன ஆவான்?'னு கேட்டவங்க குறைச்சல்.

அதனால ஒரு சின்ன கோரிக்கை, ஃப்ரெண்ட்ஸ். ஒரு சீசன் பாதியில் நின்னா, சாம்பியனைத் தீர்மானிக்கிற அதே மீட்டிங்கில் இன்னும் ரெண்டு விஷயத்தையும் தீர்மானிக்கணும். வயசு வரம்பு உள்ள போட்டிகளில் அந்த வருஷத்தைக் கழிச்சுக் கொடுக்கணும். போட்டியே நடக்காத வருஷத்துக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா வயசு வரம்பில் ஒரு வருஷம் கூட்டிக் கொடுக்கணும். இதுக்குக் கோடிகள் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

உங்க காலேஜ் டீமில் இருக்கீங்களா? உங்க ஃபிசிக்கல் டைரக்டர்கிட்ட இதைப் பத்திப் பேசுங்க. மாவட்ட லீக்கில் எத்தனை மேட்ச் ஆடினீங்க, எந்தத் தேதி, என்ன ரிசல்ட்னு எழுதி வைங்க. சர்ட்டிஃபிகேட்டை கையோட வாங்கி பத்திரமா வைங்க. நாளைக்கு இன்னொரு தடவை எல்லாம் நின்னுபோனா, நீங்க ஆடினதுக்கு ஆதாரம் அந்தக் காகிதம்தான். 28 மேட்ச் பாக்கி இருக்கும்போதே ஒரு கோப்பையை எடுத்துக் கொடுத்துட முடியும். உங்க 19-ம் வயசை அப்படி யாராலும் எடுத்துக் கொடுக்க முடியாது!